பழைய வீட்டுக்குப் போய்விட்ட பார்சல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். வீடு மாறிப் பால் காய்ச்சியாயிற்று, அட்டைப்பெட்டிகளைப் பிரித்துச் சாமான்களை அடுக்கியாயிற்று. ஒரு நாள் சாயங்காலம் "உங்கள் பார்சல் டெலிவரி செய்யப்பட்டது" என்று போனில் செய்தி வருகிறது. வாசலில் போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. பார்சல் பழைய வீட்டு வாசலில் கிடக்கிறது.

சென்னையில் நான் நான்கு முறை வீடு மாறியிருக்கிறேன். கடைசியாக வில்லிவாக்கத்திலிருந்து மேடவாக்கம். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பார்சல் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது. பிறகு ஆபீஸிலும் சொந்தத்திலும் யாருக்கு இப்படி நடந்தாலும் என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பார்சல் பழைய முகவரிக்குப் போய்விட்டது. முதலில் யாருக்குப் போன் செய்வது?

பழைய வீட்டுக்கு. கஸ்டமர் கேர் எல்லாம் அப்புறம். ஹவுஸ் ஓனர், மேல்வீட்டு அக்கா, எதிர்வீட்டு மாமி, கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி, தெருமுனையில் இஸ்திரி போடுபவர் என்று யாருடைய எண் கையில் இருக்கிறதோ அவருக்கு. "அக்கா, என் பேரில் ஒரு பார்சல் அங்கே வந்திருக்கு. கொஞ்சம் உள்ளே எடுத்து வைக்கிறீங்களா? நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்" என்று சொன்னால் போதும். வாசலில் கிடக்கும் பெட்டி யார் கண்ணிலும் படும், மழையிலும் நனையும். அது ஒருவர் வீட்டுக்குள் போய்விட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்ததாக ஆப்பைத் திறந்து ஆர்டர் விவரத்தையும் டெலிவரி போட்டோவையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

டெலிவரி செய்தவர் கிளம்பி ஐந்து பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும் என்றால் அவரையும் கூப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் பல நிறுவனங்களில் அவருடைய சொந்த எண் நமக்குத் தெரியாது. நடுவில் ஒரு பொது எண் இருந்து இருவரையும் இணைக்கும். டெலிவரி முடிந்ததாகப் பதிவானதும் அந்த இணைப்பு அறுந்துவிடும். அதனால் முயற்சி செய்வதென்றால் உடனே செய்ய வேண்டும்.

புது முகவரியைத்தான் ஆப்பில் சேர்த்துவிட்டேனே, பிறகு ஏன் பழைய வீட்டுக்குப் போகிறது?

சேர்த்தீர்கள், சரி. பழையதை அழித்தீர்களா?

நான் பார்த்தவரை தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. ஷாப்பிங் ஆப்களில் முகவரிகள் ஒரு பட்டியலாக இருக்கும். புதியதைச் சேர்த்தாலும் பழையதே "இயல்பு முகவரி"யாக (டிஃபால்ட்) நீடிக்கலாம். சீக்கிரம் வாங்குவதற்கென்று இருக்கும் ஒரே பொத்தானை அழுத்தினால் முகவரிப் பக்கம் வராமலேயே ஆர்டர் முடிந்துவிடும். அப்படிப் போகும்போது நீங்கள் மனதில் வைத்திருக்கும் வீட்டுக்குப் போகாது, இயல்பாகப் பதிந்திருக்கும் வீட்டுக்குத்தான் போகும். இரண்டு முகவரிக்கும் "ஹோம்" என்றே பெயர் வைத்திருந்தால் குழப்பம் இன்னும் கூடும்.

இதைத் தவிர வேறு இடங்களிலும் பழைய முகவரி ஒளிந்திருக்கும். போனிலும் கம்ப்யூட்டரிலும் பிரவுசர் தானாகவே முகவரியை நிரப்புமே, அதன் நினைவில் பழைய வீடு இருக்கும். கூகுள் கணக்கில் "வீடு" என்று குறித்து வைத்த இடம் தனி. வீட்டில் மனைவியோ மகனோ வைத்திருக்கும் கணக்குகள் தனி. மாதாமாதம் தானாக வரும்படி போட்டு வைத்த நாப்கின், நாய் உணவு, மாத்திரை ஆர்டர்களைப் பலரும் மறந்தே போகிறார்கள். வீடு மாறுவதற்கு முன் போட்ட ஆர்டரில் ஒரு பொருள் மட்டும் தாமதமாகக் கிளம்பினால், அதுவும் அன்றைய முகவரிக்குத்தான் போகும்.

நம் ஊர் வழக்கமும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஆடியில் நம்மில் பலர் வீடு மாறுவதில்லை. ஆனால் தள்ளுபடி வருவது ஆடியில்தான். ஆடிக் கடைசியில் மிக்ஸியும் பாத்திரமும் ஆர்டர் செய்துவிட்டு, ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் சாமானை ஏற்றுகிறோம். பார்சல் பின்னாலேயே பழைய வீட்டுக்கு வந்து நிற்கிறது.

ஆகவே புதியதைச் சேர்ப்பதோடு நிறுத்தாமல் பழையதை அழித்துவிடுங்கள். ஊரில் அப்பா அம்மா இருக்கும் வீடு போல வேண்டுமென்றே வைத்திருக்கும் முகவரி என்றால், அதற்கு "அம்மா வீடு – மதுரை" என்று தெளிவாகப் பெயர் மாற்றி வையுங்கள்.

ஓடிபி சொன்னால்தான் கொடுப்பார்கள் என்றால், தவறான வீட்டில் எப்படிக் கொடுக்க முடியும்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன முறை வீடு மாறியது மே மாதம், கத்திரி வெயில் நேரம். மாறிய இரண்டாவது வாரம் அம்மாவுக்கு இன்சுலின் ஆர்டர் செய்திருந்தேன். மதியம் ஆபீஸில் மீட்டிங்கில் இருக்கும்போது போன் வந்தது. "மேடம் வீட்டுல இல்லையா? ஓடிபி சொல்லுங்க" என்றார் அந்தத் தம்பி. "செக்யூரிட்டிகிட்ட கொடுத்துடுங்க" என்று நாலு எண்ணையும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மொத்தம் இருபது வினாடி கூட இருக்காது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செக்யூரிட்டியிடம் கேட்டால், எதுவும் வரவில்லை என்கிறார். ஆப்பைத் திறந்து டெலிவரி போட்டோவைப் பார்த்தேன். பச்சைப் பெயிண்ட் உரிந்த கிரில் கேட், அதன் கீழே பாதி அழிந்த ஒரு புள்ளிக்கோலம், கோலத்தின் ஓரத்தில் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. அந்தக் கேட்டை ஆறு வருடம் திறந்து மூடியிருக்கிறேன். வில்லிவாக்கம் வீடு. நல்ல வேளையாக மேல்வீட்டு அக்கா மதியமே பெட்டியைப் பார்த்து, அதன் மேல் ஒட்டியிருந்த லேபிளைப் படித்து, ஃபிரிட்ஜில் எடுத்து வைத்திருந்தார். என் புது எண் அவரிடம் இல்லாததால் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

ஓடிபி ஒரு கையெழுத்து மாதிரி. எண்ணைச் சொல்லிவிட்டால் "பொருள் என் கைக்கு வந்துவிட்டது" என்று நாமே பதிவு செய்ததாகிறது. ஆகவே சொல்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, இப்போ எந்த ஏரியாவுல, எந்தக் கேட் முன்னாடி நிக்கறீங்க?" மேடவாக்கம் என்றால் சொல்லுங்கள். வில்லிவாக்கம் என்றால் எண்ணைச் சொல்லாதீர்கள். கொடுக்க முடியவில்லை என்று பதிந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

இன்சுலின் போன்ற மருந்து தவறான வீட்டுக்குப் போனால்?

இதில் தாமதிக்கவே கூடாது. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். போன் எடுப்பவரிடம் "ஃபிரிட்ஜில் வைங்க, ஃப்ரீசரில் வேண்டாம்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். உறைந்துபோன இன்சுலினைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. பெட்டி வெயிலில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, மருந்துக் கடைக்காரரிடமோ டாக்டரிடமோ காட்டிய பிறகே போட்டுக்கொள்ளுங்கள். பார்ப்பதற்குத் தெளிவாக இருக்கிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். அன்றைய வேளைக்கு மருந்து தேவை என்றால் பார்சலுக்காகக் காத்திருக்காமல் பக்கத்து மெடிக்கலில் வாங்கிவிடுங்கள். பணக் கணக்கைப் பிறகு பார்க்கலாம்.

எங்கள் பெட்டியில் ஐஸ் பை இன்னும் சில்லென்று இருந்ததாக அக்கா சொன்னார். இருந்தும் கடைக்காரரிடம் கேட்ட பிறகுதான் அம்மாவுக்குக் கொடுத்தேன்.

ஆர்டர் இன்னும் வந்து சேரவில்லை. நடுவழியில் முகவரியை மாற்ற முடியுமா?

எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பொருள் கிடங்கிலிருந்து கிளம்பும் முன் பல ஆப்களில் ஆர்டர் பக்கத்திலேயே முகவரியை மாற்றலாம். கிளம்பிவிட்டால் பெரும்பாலும் மாற்ற விடுவதில்லை. அப்போது மூன்று வழி உண்டு.

அவசரமில்லாத பொருள் என்றால் ரத்து செய்துவிட்டுப் புது முகவரிக்கு மறுபடி ஆர்டர் செய்வதுதான் சுத்தமான வழி. ரத்து செய்யும் வசதி இல்லாவிட்டால், டெலிவரி செய்பவர் கூப்பிடும்போது "வேண்டாம், திருப்பி அனுப்பிடுங்க" என்று சொல்லிவிடலாம். முன்பே பணம் கட்டியிருந்தால் பொருள் திரும்பிப் போய்ச் சேர்ந்த பிறகு பணம் வரும். கேஷ் ஆன் டெலிவரி என்றால் அந்தக் கவலையும் இல்லை. மூன்றாவது வழி, சில ஆப்களில் தொடர்பு எண்ணை மட்டும் மாற்றலாம். பழைய வீட்டில் நம்பிக்கையான ஒருவர் இருந்தால் அவரிடம் கேட்டுக்கொண்டு அவர் எண்ணைப் போட்டுவிடுங்கள். டெலிவரி தம்பி அவரையே கூப்பிடுவார்.

அதே ஊர்தானே, டெலிவரி செய்பவர் புது வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுத்தால் என்ன?

இந்தக் கோபம் எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் அவர் கையில் அது இல்லை. பார்சல் எந்த வழியில் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது முக்கியமாகப் பின்கோடுதான். இந்த ஆறு இலக்க எண்ணை அஞ்சல் துறை 1972 ஆகஸ்ட் 15 அன்று கொண்டு வந்தது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பகுதி. முதல் மூன்று இலக்கம் 600 என்றால் சென்னை. கடைசி மூன்று எந்த அஞ்சலகம் என்று சொல்லும். வில்லிவாக்கம் 600049, மேடவாக்கம் 600100. தனியார் கூரியர்களும் இதே எண்ணை வைத்துத்தான் பிரிக்கின்றன. 600049 என்று அச்சடித்த பெட்டி, பார்சல்களைப் பிரித்து அனுப்பும் அந்தப் பகுதி ஹப்புக்குப் போய், அங்கே ஒருவருடைய அன்றைய பட்டியலில் ஏறிவிடும். அவர் சுற்றும் எல்லை இரண்டு மூன்று பகுதிதான். அந்த எல்லைக்குள் நீங்கள் மாறியிருந்தால், பக்கத்துத் தெரு என்றால், பல தம்பிகள் முகம் சுளிக்காமல் கொண்டு வந்து தந்துவிடுவார்கள். நகரின் மறுகோடிக்கு அவரால் வர முடியாது. வந்தால் அன்றைக்கு அவருடைய மற்றப் பார்சல்கள் நின்றுபோகும், வருமானமும் போகும். ஒரு நாளில் எத்தனை மாடி ஏறி இறங்குகிறார்கள் என்று பார்த்தவர்கள் அவர்களிடம் கத்த மாட்டார்கள்.

பழைய வீட்டில் யாருடைய எண்ணும் என்னிடம் இல்லையே?

நேரில் போவதுதான் வழி. அன்றைக்கே போனால் நல்லது. போகும்போது ஆர்டர் பக்கத்தையும் உங்கள் பெயருள்ள ஏதாவது அடையாள அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். புதிதாகக் குடி வந்தவர்களுக்கு உங்களைத் தெரியாது. யாரோ வந்து பார்சலைக் கேட்டால் தயங்கத்தான் செய்வார்கள், அது நியாயமும்கூட. பெட்டியின் மேல் இருக்கும் பெயரும் உங்கள் அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்று என்று காட்டினால் தீர்ந்தது. வீடு பூட்டியிருந்தால் முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள், அப்புறம் தெருவில் இருக்கும் மளிகைக் கடையில். வழக்கமாக வரும் டெலிவரி ஆட்களை அண்ணாச்சிக்குத் தெரிந்திருக்கும், அவரிடமே கொடுத்துவிட்டுப் போயிருக்கவும் கூடும்.

இந்த நிலைமை வராமல் இருக்க ஒரு வேலை: வீட்டைக் காலி செய்யும் நாளில் சாவியைக் கொடுக்கும்போதே உங்கள் எண்ணை ஹவுஸ் ஓனரிடமும் பக்கத்து வீட்டிலும் செக்யூரிட்டியிடமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அட்வான்ஸில் பிடித்ததற்காக ஓனரிடம் மனஸ்தாபம் இருந்தாலும் பக்கத்து வீட்டோடு தொடர்பு இருக்கட்டும். முடிந்தால் புதிதாகக் குடி வருபவரின் எண்ணையும் வாங்கி வையுங்கள். வீடு மாறிய முதல் மூன்று மாதம் இந்த எண்கள் மிகவும் உதவும்.

பழைய வீட்டில் இருப்பவர் வாங்கிக்கொண்டு, வரவே இல்லை என்கிறார். என்ன செய்யலாம்?

முதலில் சண்டை வேண்டாம். அவர் வீட்டில் வேறு யாராவது வாங்கி வைத்திருக்கலாம், தங்கள் ஆர்டர் என்று நினைத்துப் பிரித்திருக்கலாம். டெலிவரி போட்டோவையும் நேரத்தையும் காட்டி "உங்க வீட்ல யாராவது வாங்கினாங்களான்னு கேட்டுச் சொல்றீங்களா?" என்று பொறுமையாகக் கேளுங்கள். இப்படிக் கேட்டே பலருக்குப் பொருள் கிடைத்திருக்கிறது.

தெரிந்தே வைத்துக்கொண்டால் அதற்குச் சட்டம் இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 72ஆம் பிரிவில், தவறுதலாகத் தன்னிடம் வந்த பணத்தையோ பொருளையோ பெற்றவர் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்கிறது. அடுத்தவர் பொருளை நேர்மையற்ற எண்ணத்தோடு தனதாக்கிக்கொள்வது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 314ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு. விலை உயர்ந்த பொருள் என்றால் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம். ஆனால் ஐந்நூறு ரூபாய் டிபன் பாக்ஸுக்காக அந்த அளவுக்குப் போக வேண்டுமா என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

நிறுவனத்திடம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

ஆர்டரில் எந்த முகவரி இருக்கிறது என்பதுதான் கேள்வி. அந்தப் பக்கத்தைத் திறந்து ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள்.

அதில் புது முகவரி இருந்து, பொருள் பழைய வீட்டுக்குப் போயிருந்தால் தவறு அவர்களுடையது. உங்கள் பெயரையோ எண்ணையோ பார்த்துப் பழைய பழக்கத்தில் கொண்டு போய்க் கொடுத்திருக்கலாம், பழைய லேபிள் ஒட்டியிருக்கலாம். எதுவானாலும் பொருளைக் கொண்டு வந்து சேர்ப்பதோ பணத்தைத் தருவதோ அவர்கள் பொறுப்பு. "நீங்களே போய் வாங்கிக்கோங்க" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.

பழைய முகவரியே இருந்தால், அவர்கள் பார்வையில் டெலிவரி சரியாகத்தான் நடந்திருக்கிறது. உரிமையாகப் பணம் கேட்பது கடினம். அப்போதும் ஒரு வழி உண்டு. திருப்பி அனுப்பக்கூடிய பொருள் என்றால், பழைய முகவரியிலிருந்தே எடுத்துப் போகும்படி ரிட்டர்ன் போடுங்கள். பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கும் அக்காவோ மாமியோ வருபவரிடம் எடுத்துக் கொடுத்தால் போதும். பணம் திரும்ப வந்ததும் புது முகவரிக்கு வாங்கிக்கொள்ளலாம். பழைய வீடு வேறு ஊரில் இருந்தால் இதுதான் சுலபம். உள்ளாடை, மருந்து, உணவுப் பொருள் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் ரிட்டர்ன் இருக்காது. பல எலக்ட்ரானிக் பொருள்களுக்குப் பழுதானால் மாற்றித் தருவது மட்டும்தான்.

தவறு அவர்களுடையதுதான், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. புகார் எப்படிக் கொடுப்பது?

சாட்டில் பேசுவதோடு நிறுத்தாதீர்கள். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் போட்டிருக்க வேண்டும். உங்கள் புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கு மெயில் அனுப்புங்கள். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"என் ஆர்டர் எண் இது. ஆர்டரில் உள்ள முகவரி மேடவாக்கம், 600100. இந்தத் தேதியில், இந்த நேரத்தில் பொருள் வேறொரு முகவரியில் ஒப்படைக்கப்பட்டதாக உங்கள் டெலிவரி போட்டோவே காட்டுகிறது. ஆர்டர் பக்கமும் போட்டோவும் இணைத்துள்ளேன். பொருளைச் சரியான முகவரிக்குக் கொண்டு வந்து தரவும், அல்லது முழுத் தொகையையும் திருப்பித் தரவும்."

கோபத்தை எழுத வேண்டாம். தேதி, எண், இணைப்பு, என்ன வேண்டும் என்ற ஒரு வரி, இவ்வளவுதான் வேலை செய்யும்.

அதற்கும் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம், தமிழிலும் பேசலாம். அவர்கள் புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். பல சின்ன விவகாரங்கள் இங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமை அலுவலகம் பெங்களூரில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

சாப்பாடு ஆர்டர் பழைய வீட்டுக்குப் போய்விட்டது!

உடனே கூப்பிட்டால், பக்கத்தில் என்றால் திருப்பிவிடலாம், கூடுதல் பணம் கேட்பார்கள். தூரம் என்றால் விட்டுவிடுங்கள். பழைய பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து "சாப்பிடுங்க" என்று சொல்லிவிடலாம், அந்தப் பிரியாணி வீணாகாது.

வெளிநாட்டில் இருக்கும் அக்கா அனுப்பிய பரிசு பழைய வீட்டுக்குப் போகிறது. அதை எப்படித் தடுப்பது?

உங்கள் முகவரி அவர்கள் கணக்கில் இருக்கிறது, உங்களால் அழிக்க முடியாது. சிங்கப்பூரிலிருந்து என் அக்கா தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி அனுப்புவாள், மூன்று வருடத்துக்கு முந்தைய வீட்டுக்கு. வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் புது முகவரியைப் பின்கோடோடு முழுசாகப் போட்டு, "பழைய முகவரியை ஆப்பிலிருந்து எடுத்துடுங்க" என்றும் ஒரு வரி சேருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் முகவரியைப் பார்த்துவிட்டுப் பூங்கொத்துப் படம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

பழைய வீட்டிலிருந்து பொருளைக் கொண்டு வர என்ன வழி?

அதே நகரம் என்றால் போர்ட்டர், ரேபிடோ போன்ற ஆப்களில் பார்சல் எடுத்து வரும் வசதி இருக்கிறது. எடுத்துக் கொடுப்பவரின் எண்ணைச் சரியாகப் போட்டு, பெட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நகை, போன் போன்றவற்றுக்கு நேரில் போய் வாங்குவதே நல்லது. வேறு ஊர் என்றால் உள்ளூர் கூரியரில் அனுப்பச் சொல்லிச் செலவை ஜிபேயில் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். உதவி செய்பவருக்குக் கைக்காசும் போகக் கூடாது. நேரில் போனால் வெறுங்கையோடு போகாதீர்கள். நான் போனபோது இரண்டு முழம் மல்லிகையும் கொஞ்சம் பழமும் வாங்கிப் போனேன். அக்கா காபி கொடுக்காமல் விடவில்லை.

அஞ்சல்துறை வழியாக வருபவை, வங்கி கார்டு, லைசென்ஸ் இவற்றுக்கு?

ஐ.என். (IN) என்று முடியும் 13 எழுத்து எண் இருந்தால் அது அஞ்சல்துறை வழியாக வருவது. பழைய பகுதியின் அஞ்சலகத்தில் போஸ்ட் மாஸ்டருக்குப் பழைய முகவரி, புது முகவரி இரண்டையும் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் கொடுத்தால், உங்கள் பேருக்கு வருவதைப் புது முகவரிக்குத் திருப்பிவிடுவார்கள். தபால்காரரிடமும் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வாராவாரம் அந்தத் தெருவில் நடப்பவர் அவர்தான்.

ஏடிஎம் கார்டும் செக் புத்தகமும் வங்கியில் பதிந்த முகவரிக்குத்தான் போகும். ஷாப்பிங் ஆப்பில் மாற்றினால் வங்கியில் மாறாது. தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமமும் ஆர்.சி.யும் விரைவு அஞ்சலில்தான் வீட்டுக்கு வருகின்றன. பாஸ்போர்ட்டும் அப்படித்தான். இவற்றில் எதற்காவது விண்ணப்பித்திருந்தால், முகவரியைச் சரி செய்யாமல் வீடு மாறாதீர்கள். கேஸ் இணைப்பை மறக்க வேண்டாம்.

"முகவரி முழுமையில்லை, பார்சல் நிற்கிறது, லிங்க்கில் திருத்துங்கள்" என்று எஸ்எம்எஸ் வந்தது. நம்பலாமா?

நம்ப வேண்டாம். வீடு மாறியவர்கள் இதில் எளிதாக விழுவார்கள், ஏனென்றால் நமக்கு ஏற்கெனவே முகவரிக் கவலை இருக்கிறது. இந்திய அஞ்சல்துறையின் பெயரில் வந்த இப்படிப்பட்ட செய்திகள் போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே எச்சரித்திருக்கிறது. லிங்க்கைத் திறந்தால் முகவரியைக் கேட்டுவிட்டு, சின்னத் தொகை கட்டச் சொல்லி கார்டு விவரத்தை வாங்கிக்கொள்வார்கள். சந்தேகமாக இருந்தால் நீங்களே ஆப்பைத் திறந்து ஆர்டரைப் பாருங்கள்.

கூகுளில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்களும் ஆபத்து. எண்ணை ஆப்புக்குள்ளிருந்தே எடுங்கள். கூரியர்காரர் என்று சொல்லி 21 அல்லது 401 என்ற எண்ணை நட்சத்திரக் குறிகளோடு அழுத்தச் சொன்னால் செய்யாதீர்கள். உங்களுக்கு வரும் அழைப்புகளை அவர்கள் போனுக்குத் திருப்பிவிடும் வேலை அது. பணம் போய்விட்டால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள்.

புது முகவரியை எப்படி எழுதினால் குழப்பம் வராது?

சென்னையில் பல வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. "14/27" என்று மட்டும் எழுதாமல் "பழைய எண் 14, புதிய எண் 27" என்று எழுதுங்கள். காந்தி தெருவும் பிள்ளையார் கோயில் தெருவும் ஒவ்வொரு பேட்டையிலும் இருக்கின்றன, அதனால் ஏரியாவின் பெயரையும் மாடியையும் விடாதீர்கள். பின்கோடு தவறினால் மற்றது எல்லாம் சரியாக இருந்தும் பார்சல் வேறு ஹப்புக்குப் போய்விடும். அடையாளத்துக்கு "தண்ணீர்த் தொட்டி எதிரில்" போல இடிக்கப்படாத ஒன்றைக் கொடுங்கள். மேப்பில் குறியை நகர்த்தி உங்கள் கேட்டின் மேலேயே வையுங்கள். முகவரியைத் திருத்தி, குறி மட்டும் பழைய தெருவில் நின்றதால் வழி தவறி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் முன்பு இருந்தவரின் பார்சல்கள் எங்களுக்கு வருகின்றன. என்ன செய்ய வேண்டும்?

அவருடைய எண் இருந்தால் முதலில் கேளுங்கள், வாங்கி வைக்கச் சொன்னால் வாங்குங்கள். எண் இல்லை என்றால் "அவர் காலி செய்துவிட்டார்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கள். கேஷ் ஆன் டெலிவரி என்றால் உங்கள் காசைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தால் பிரிக்காமல் எடுத்து வைத்து, ஹவுஸ் ஓனர் மூலம் தகவல் சொல்லுங்கள். லேபிளைப் பாருங்கள், மருந்துக் கடைப் பெயரோ "குளிரில் வைக்கவும்" என்றோ இருந்தால் உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள்.